எவ்வளவு கொடுப்பது? எப்படிக் கொடுப்பது?

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை அடுத்த பழவங்காடியில் மகாகணபதி கோயில் கொண்டிருக்கிறார். திருவிதாங்கூரின் நாயர் படையினர் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த திருமேனி, படை தலைநகருக்கு மாறியபோது உடன் வந்தது என்பது தலவரலாறு. இன்றும் இக்கோயிலின் பராமரிப்பு இந்திய ராணுவத்தினரிடமே உள்ளது. தேங்காய் உடைத்தல் இங்கு முதன்மையான வழிபாடு. தேர்வு நெருங்கும்போதும், கல்லூரிகளில் இடம் கிடைக்கும் நாட்களிலும், மாணவர்களும் பெற்றோரும் கையில் தேங்காயுடன் இச்சந்நிதியில் நிற்பதைக் காணலாம்.

அவ்வாறு நிற்கும் ஒரு குடும்பத்தை உதாரணத்திற்காக மனக்கண்முன் கொண்டுவரலாம். தந்தை சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கர். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். வங்கியில் சேமிப்பு 3 லட்சம். நாகர்கோவிலுக்கு அருகே தாயின் பிறந்த வீட்டார் அவருக்குக் கொடுத்த 5 சென்ட் மனை ஒன்று உண்டு. விற்றால் 12 லட்சம் கிடைக்கும். முதுமையில் அதில் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது தம்பதியரின் நெடுநாள் எண்ணம். மகனுக்கு நகரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்திருக்கிறது. அவன் விரும்புவதோ கணினிப் பிரிவு. அது வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றில் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு 16 லட்சம் ஆகும். மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள்.

மனையை விற்றுவிடலாம் என்று தந்தை தீர்மானித்துவிட்டார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. மகளை யாரும் கேட்கவில்லை. பிள்ளையார்முன் தேங்காய் சிதறுகிறது. தந்தையின் மனமோ அமைதி அடையவில்லை. பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு கொடுப்பது கடமை? எந்த எல்லையைக் கடந்தால் அது கடமையன்றி மோகம் ஆகிறது?

சட்டத்தின் அளவு

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிவது நலம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், குழந்தைகள் 18 வயதை அடையும்வரை அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்றோர்மீது வைக்கிறது. தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத மணமாகாத மகளுக்கு அப்பொறுப்பு 18 வயதுக்குப் பிறகும் தொடர்கிறது. மகளுக்குத் தன் கல்விச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறும் உரிமை உண்டு என்றும், பெற்றோர் தங்கள் பொருள்வசதிக்கு உட்பட்டு அதை ஏற்க வேண்டும் என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபக்கத்தில், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

சட்டம் கீழெல்லையை மட்டுமே வகுக்கும். 18 வயது நிறைந்த மறுநாளே மகனைக் கைவிடும் பெற்றோர் இந்நாட்டில் அரிது. ஆனால், அளவுக்கு மீறிக் கொடுத்து, பின்னர் அதன் சுமையால் உறவே கசந்துபோன குடும்பங்கள் அரிதல்ல. கொடுப்பதன் முறையைச் சட்டநூல் கற்பிக்க முடியாது. அதற்குச் சாஸ்திரத்திடம் செல்ல வேண்டும்.

குருகுலத்தின் வாயிலில் ஓர் உபதேசம்

தைத்திரீய உபநிஷதத்தின் முதற்பகுதிக்கு சீக்ஷாவல்லி என்று பெயர். கல்வியை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை அதில் இடம்பெறுகிறது. உண்மை பேசுதல், அறவழி நிற்றல், தாய் தந்தை ஆசிரியர் விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகப் போற்றுதல் ஆகியவற்றைச் சொன்ன ஆசாரியர், அடுத்து எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார். அதுவரை உணவும் அறிவும் பிறரிடமிருந்து பெற்றே வாழ்ந்தவன் அம்மாணவன். பெறும் பருவம் முடிந்த அன்றே கொடுக்கும் பருவத்துக்கான பாடம் தொடங்கிவிடுகிறது! கல்விக்குச் செலவிடும் பெற்றோரும் ஒருநாள் இவ்வாயிலில் நின்றவர்களே. இன்று பெறும் பிள்ளையும் நாளை அங்கே நிற்கப் போகிறவனே.

கொடுத்தலுக்குத் துணையாக அங்கே கூறப்படும் பண்புகள் ஐந்து: சிரத்தை, செல்வநிலை, நாணம், அச்சம், அறிவு. இவற்றை ஒவ்வொன்றாகக் கல்விச் செலவுடன் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது: சிரத்தை

சிரத்தை என்பது நம்பிக்கையும் மதிப்பும் கலந்த மனநிலை. அஃதின்றிக் கொடுப்பதை உபநிஷதம் விலக்குகிறது. ராமேஸ்வரத்தைச் சேர்ந்த அப்துல் கலாம் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்றார். சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அன்று அக்குடும்பத்துக்கு அது பெருந்தொகை. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம்பியின் திறமையில் அத்தமக்கை வைத்திருந்த நம்பிக்கை கலாமின் உள்ளத்தைத் தொட்டது. தம் சொந்த உழைப்பில் ஈட்டிய பணத்தாலேயே அந்நகைகளை மீட்பது என்று அவர் உறுதி பூண்டார்; அதற்காகவே கடுமையாகப் படித்து உதவித்தொகை பெற முனைந்தார் என்பதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். பின்னர் இதே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது அப்பணியில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத் தக்கவை இரண்டு. அந்தப் பணம் இல்லாவிடில் படிப்பே இல்லை என்ற நிலையில் அது கொடுக்கப்பட்டது; விருப்பத்துக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெளிவாக இருந்தது. மேலும், அடகு வைத்த நகையை மீட்க முடியும். குடியிருக்கும் கூரையைப் போன்றதன்று அது. சிரத்தையுடன் கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை.

இரண்டாவது: செல்வநிலை

தத்தம் செல்வத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். வசதி உள்ளவர் கருமித்தனமாகக் கிள்ளிக் கொடுப்பதும் பிழை. இல்லாதவர் இருப்பவரைப்போல் காட்டிக்கொள்வதும் பிழை. கணபதிக்குத் தேங்காயை உடைக்கிறோம், தென்னையை வெட்டுவதில்லை. மரம் நின்றால் அடுத்த ஆண்டும் காய் கிடைக்கும். ஆண்டு வருமானமும், அதில் மிச்சம் பிடித்த சேமிப்பும் காய்கள். உறைவிடம், முதுமைக்கால வைப்பு, மருத்துவத்துக்கென ஒதுக்கியது, மற்றொரு பிள்ளைக்குரிய பங்கு ஆகியவை மரம். காயைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டா. மரத்தில் கோடரி வைக்குமுன் நூறு முறை சிந்திக்க வேண்டும்.

கடன் என்னும் வழியும் இன்று உண்டு. 2001-ல் வகுக்கப்பட்ட மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி வங்கிகள் பல்லாண்டுகளாகக் கடன் வழங்கி வருகின்றன. 4 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்தபின் ஓர் இடைவெளி விட்டே தவணை தொடங்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான நிறுவனங்களில் தகுதியால் இடம் பெறுவோர்க்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் பெற வழி செய்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் அதில் உண்டு.

எனினும், கடனைக் கணக்கிட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். 10 சதவீத வட்டியில் 10 லட்சம் கடன் வாங்கிப் பத்து ஆண்டுகளில் திருப்புவதாயின், மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். மொத்தத்தில் திருப்புவது ஏறத்தாழ 15 லட்சத்து 86 ஆயிரம். படிக்கும் ஆண்டுகளில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளைஞனின் சம்பளத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று அவனே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

‘வசதியில்லாத பெற்றோர் என் செய்வது?’ என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை இந்நகரத்தின் வரலாற்றிலேயே உள்ளது. பின்னாளில் 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய கே.ஆர். நாராயணன், கோட்டயம் மாவட்டத்து உழவூரில் மிக எளிய குடும்பத்தில் பிறந்தவர். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளி சென்றவர். கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாட்களும் உண்டு. புத்தகம் வாங்கப் பணமில்லை. ஆஸ்துமா நோயால் வீட்டிலேயே தங்க நேர்ந்த அண்ணன் நீலகண்டன், பிறரிடம் புத்தகங்களை இரவல் வாங்கிக் கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். உதவித்தொகைகளின் துணையுடன் திருவனந்தபுரத்தில் பயின்று, திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பட்டத்தை 1943-ல் முதல் வகுப்பில் பெற்றார் நாராயணன். டாடா உதவித்தொகை அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றது. அந்தப் பல்கலைக்கழகமே 1957-ல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது.

அந்த அண்ணன் கொடுத்தது எத்தனை ரூபாய்? கணக்கில் எழுத ஒன்றுமில்லை. மூச்சுத் திணறும் உடலுடன் எழுதிய ஒவ்வொரு பக்கமும் தம் செல்வநிலைக்கு ஏற்ற கொடை. ஆகவே, பொருள் குறைந்த வீட்டில் கொடை குறைந்தே தீரும் என்பதில்லை.

மூன்றாவது: நாணம்

கொடுப்பவர் நாணத்துடன் கொடுக்க வேண்டும் என்பது வியப்பாகத் தோன்றலாம். ‘இவ்வளவுதானே என்னால் இயன்றது’ என்ற அடக்கமே அந்நாணம். அது இல்லாத இடத்தில் கொடை சொல்லாக மாறுகிறது. மதிப்பெண் சற்றுக் குறைந்தால், “உனக்காக எத்தனை லட்சம் கொட்டியிருக்கிறோம்” என்கிறார் தந்தை. உறவினர் கூடும் இடத்தில் கல்லூரிக் கட்டணம் பெருமையாகச் சொல்லப்படுகிறது. திருமணப் பேச்சில் அதே தொகை விலையாகவும் மாறுகிறது.

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்கு, கடமை என்று கொடுப்பது சாத்துவிகம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ கொடுப்பது ராஜஸம். தகாத இடத்தில், மதிப்பின்றி, இகழ்ந்து கொடுப்பது தாமஸம். பிள்ளையின் படிப்பை முதலீடாகக் கருதும் பெற்றோர் ராஜஸ தானம் செய்கின்றனர். முதலீட்டுக்கு லாபம் வராதபோது எழும் கோபம், அத்தானத்தின் இயல்பான விளைவு.

பெறுபவனுக்கும் நாணம் உண்டு. பெற்றோரின் பணத்தில் விடுதியில் இருப்பவன், நண்பர்களுக்கு இணையான கைப்பேசியையும் வாகனத்தையும் கேட்குமுன் ஒரு கணம் தயங்குவானாயின், அத்தயக்கமே அவன் கற்ற கல்விக்குச் சான்று.

நான்காவது: அச்சம்

இங்கே அச்சம் என்பது கோழைத்தனம் அன்று. தான் செய்யும் நன்மை தீமையாய் முடிந்துவிடக் கூடாதே என்ற கவலை. கேட்டதெல்லாம் கிடைக்கும் பிள்ளைக்கு, இல்லை என்ற சொல்லைத் தாங்கும் வலிமை வளர்வதில்லை. கட்டணம், உணவு, உறைவிடம், புத்தகம், பயணம் ஆகியவை கல்வியின் அங்கங்கள். இவற்றில் பெற்றோர் தம்மால் இயன்றவரை குறை வைக்கலாகாது. பட்டினியும் கட்டணப் பாக்கியும் பிள்ளைக்கு வைராக்கியம் தரும் என்று வசதியிருந்தும் கொடாமலிருப்பது கொடுமை. ஆனால் ஆடம்பரத்தின் செலவு வேறு. அதை அவன் விடுமுறையில் உழைத்து ஈட்டட்டும். அல்லது இல்லாமல் இருக்கப் பழகட்டும்.

அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் கொடுப்பவருக்குப் பிள்ளையின் வாழ்வையே ஆளும் உரிமை வந்துவிட்டதாக மயக்கம் ஏற்படக்கூடும். ‘நான் பணம் கட்டுகிறேன், நான் சொல்லும் பாடத்தைப் படி’ என்பது கொடையன்று, கொள்முதல்.

ஐந்தாவது: அறிவு

ஐந்தாவதாகிய சொல்லுக்கு உரையாசிரியர்கள் நட்பு என்றும், அறிந்து உணர்ந்து செய்தல் என்றும் பொருள் கூறுவர். கல்விச் செலவில் இவ்விரு பொருளும் ஒன்றே. குடும்பத்தின் நிலையைப் பிள்ளை அறிய வேண்டும். நண்பரிடம் பேசுவதுபோல் அவனிடம் பேச வேண்டும்.

1892 டிசம்பரில் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் விருந்தினராகத் தங்கியவர் சுவாமி விவேகானந்தர். அவருடைய இளமை வரலாறு இதில் ஒரு பாடம். தந்தை விசுவநாத தத்தர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர். மகனுக்கு நல்ல கல்வியும், இசையும், தாராளமான வாழ்வும் கொடுத்தவர். தமக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சிறுவனாகிய நரேந்திரன் ஒருமுறை கேட்டபோது, கண்ணாடியில் போய்த் தன்னையே பார்த்துக்கொள்ளுமாறு தந்தை கூறினார் என்பர். உறுதியான உடல், அஞ்சாத உள்ளம், கூர்த்த அறிவு ஆகியவையே தந்தை தந்த சொத்து. ஆனால் 1884-ல், மகன் பட்டத் தேர்வு எழுதிய சில நாட்களில் தந்தை திடீரென மறைந்தார். வருவாயை மிஞ்சிச் செலவு செய்திருந்தது அதன் பின்னரே தெரிந்தது. கடன்காரர்கள் வாசலில் நின்றனர். பட்டதாரி இளைஞர் பசியுடன், வெறுங்காலுடன், அலுவலகம் அலுவலகமாக வேலை தேடி அலைந்தார்.

தந்தை தந்த உள்ளுறுதியே அந்நாட்களில் அவரைத் தாங்கியது. அதே சமயம், குடும்பக் கணக்கு முன்பே பகிரப்பட்டிருந்தால் தாயும் தம்பியரும் அடைந்த துன்பம் சற்றேனும் குறைந்திருக்கும். அன்பால் மறைத்தாலும், மறைத்த கணக்கு ஒருநாள் பிள்ளையின் தலைமீதே விழுகிறது.

ஒரு வீட்டின் மாலைப்பொழுது

இப்போது பழவங்காடியில் தேங்காய் உடைத்த குடும்பத்துக்குத் திரும்பலாம். அந்தத் தந்தை இந்த ஐந்தையும் சிந்தித்தவராயின், அன்று மாலை என்ன செய்வார்? கடையில் நாள்தோறும் பிறர் கணக்கை எழுதும் அவர், தம் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி நால்வர் நடுவே வைப்பார். சம்பளம், செலவு, சேமிப்பு, மனை, மகளின் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் தேவைப்படும் தொகை ஆகிய அனைத்தும் அதில் இருக்கும்.

“மனையை விற்றாலும் சேமிப்பு முழுவதையும் சேர்த்தாலும் 15 லட்சம்தான். இன்னும் ஒரு லட்சம் குறைகிறது. தங்கைக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. நீ என்ன நினைக்கிறாய், தம்பி?” என்று தந்தை கேட்கிறார். மகன் நெடுநேரம் பேசவில்லை. அவனுடைய ஏமாற்றம் உண்மையானது. அதை எவரும் ஏளனம் செய்யக் கூடாது. அப்போதுதான் தாய் முதன்முறையாக வாய் திறந்து, அந்த மனை தம் பெற்றோர் நினைவாக எஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று என்கிறார். மகளோ, மூன்று ஆண்டுகளாகத் தான் மருத்துவச் சேவைப் படிப்பை எண்ணியிருப்பதைச் சொல்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் தந்தை இதுவரை அறியாதது அது.

ஒரு மாம்பழத்துக்காக இரு பிள்ளைகளைப் போட்டியில் நிறுத்திய கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். மூத்தவர் பெற்றோரை வலம் வந்து பழத்தைப் பெற்றார். இளையவர் கோபித்துக்கொண்டு பழனி சென்றார். அருள் விளையாட்டாகிய அக்கதை குடும்பங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இருப்பது ஒரு பழமாயின், அதை முழுவதும் ஒருவருக்கே கொடுப்பதாக முடிவு செய்யுமுன் மற்றவரின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

அன்றிரவு மகன் அரசுக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். பட்டம் பெற்றபின் ‘கேட்’ தேர்வில் தேறி முதுகலைப் பொறியியலில் சேர்ந்தால் மாத உதவித்தொகை கிடைக்கும். தான் விரும்பும் துறைக்கு நெருங்கிய பிரிவு ஒன்றை அப்போது தன் முயற்சியால் அடையலாம் என்பது அவன் கணக்கு. கட்டணமும் உணவும் புத்தகமும் தந்தையின் பொறுப்பு. மற்றவை அவன் பொறுப்பு. சேமிப்பில் பாதி மகளின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. மனை நிற்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்பதில்லை. வேறொரு வீட்டில், வேறு வழியே இல்லாத ஒரு பிள்ளைக்காக, அனைவரும் அறிந்து ஒப்பி மனையை விற்பதே தர்மமாக இருக்கலாம். முடிவு மாறலாம்; ஒளிவின்றிக் கூடி எடுத்த முடிவா என்பதே உரைகல்.

தமிழ்நாட்டு ஊர்களில் பிள்ளையார்முன் சிதறுகாய் உடைப்பவர் அதைப் பொறுக்குவதில்லை. சுற்றி நிற்கும் சிறுவர்களே ஓடிவந்து பொறுக்குகின்றனர். உடைத்தவர் வெறுங்கையுடன், நிறைந்த மனத்துடன் திரும்புகிறார். கல்விக்குக் கொடுக்கும் பெற்றோரின் மனநிலையும் அதுவாகட்டும். கொடுத்த காய் பிள்ளைகளுக்கு; காய்த்த மரம் குடும்பத்துக்கு நிழலாக நிற்கட்டும்.

சிந்தனைக்கு

1. பிள்ளை கேட்கும் தொகையில் தேவை எவ்வளவு, விருப்பம் எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதா?

2. குடும்பத்தின் வரவும் கடனும் வீட்டிலுள்ள கல்லூரி மாணவருக்குத் தெரியுமா? தெரியவில்லையெனில் அதற்குக் காரணம் அன்பா, கௌரவமா?

3. மகனின் படிப்புக்கு ஒதுக்கும் அதே அளவு மகளின் படிப்புக்கும் ஒதுக்கப்படுகிறதா?

4. பணமாக அன்றி, நீலகண்டன் செய்ததுபோல் உழைப்பாகவும் நேரமாகவும் பிள்ளையின் கல்விக்குக் கொடுக்கக் கூடியவை யாவை?